என்னைக் கேட்காமல்

ஜூன் 3, திங்கள்

உடுமலைப்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தாயிற்று. சர்க்கரை வியாதிக்காரர்களின் கால் புண்ணை மட்டும் பார்க்கிற சின்ன ஆஸ்பத்திரி. கோவையில் பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் நர்ஸாக மாடி மாடியாக ஏறி இறங்கியவளுக்கு இது ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக்கூடம் அளவுதான் இருக்கிறது. சம்பளமும் அதற்கேற்ற அளவுதான். அங்கே வாங்கியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

ஏன் இங்கே வந்தாய் என்று வீட்டுக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். கால் வலி, பஸ் அலைச்சல், வீட்டுக்குப் பக்கம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மூன்றும் உண்மைதான். கோவை ஆஸ்பத்திரியில் நடந்த பொள்ளாச்சி அம்மா விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. இங்கேயும் எழுதப்போவதில்லை.

இன்று நடந்த ஒன்றை மட்டும் குறித்து வைக்கிறேன். டாக்டர் செல்வநாயகி என் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குத் தெரிந்த எந்த ஆஸ்பத்திரியிலும் நர்ஸின் சர்டிபிகேட் பீரோவுக்குள்தான் இருக்கும், அவள் ஓடிப்போகாமல் இருக்க. கோவையில் என்னுடையதை வாங்குவதற்கு நடையாய் நடந்தேன். இவர் ஏன் சும்மா கொடுக்கிறார்? பிடிக்கவில்லை என்றால் மறுநாளே அனுப்பிவிட வசதி என்றா? இந்த அம்மாள் சிரித்த முகமாக வேறு இருக்கிறார். எங்கோ உதைக்கிறது.

ஜூன் 5, புதன்

இங்கே ஒரு விநோதமான வழக்கம். புண்ணுக்குக் கட்டுப் போட்டு முடித்ததும் அடுத்த கட்டிலுக்குப் போய்விடக் கூடாது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்த நோயாளியோடு உட்கார்ந்து பேச வேண்டும். நாங்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே கோவையில் மெமோ வரும். என்ன பேசுவது என்று ஹில்டா சிஸ்டரிடம் கேட்டேன். அவர் இங்கே மூத்த நர்ஸ், நாகர்கோவில்காரர். வீடு வாசல், பிள்ளை குட்டி, காலையில் எழுந்ததும் எங்கே போவார்கள், என்ன வேலை, எதையாவது பேசு என்றார்.

அதோடு விடுகிறார்களா? மறுநாள் காலையில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து டீ குடிக்கும்போது, யார் என்ன பேசினார்கள் என்று டாக்டர் ஒவ்வொருவராகக் கேட்கிறார். யாருக்குச் சொந்த வீடு, யார் மகனோடு இருக்கிறார், யாருக்கு யாருமே இல்லை, எல்லாம் வந்து விழுகிறது. டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். கால் புண்ணுக்கும் சொந்த வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? வயசானவர்கள், பாதிப் பேர் தனிக்கட்டை. எனக்கு ஏதோ வாடை அடிக்கிறது.

டீ நன்றாக இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

ஜூன் 8, சனி

இன்றைக்கும் நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வழியில் கத்தரிக்காய் வாங்கினேன். பிஞ்சாக இருந்தது.

ஜூன் 13, வியாழன்

திங்கட்கிழமை ஒரு நோயாளிக்குப் பிரிக்க வேண்டிய விலை கூடிய கட்டுத்துணிப் பாக்கெட்டை இன்னொருவருக்குப் பிரித்துவிட்டேன். ஹில்டா சிஸ்டர் பார்த்துவிட்டார். "போட்டும், அடுத்த தடவ பேரப் பாத்துட்டுப் பிரி" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாளாக யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சம்பளத்தில் பிடிப்பார்கள். அல்லது பெரிதாக ஏதாவது வரும்போது சேர்த்து எடுத்துக் காட்டுவார்கள்.

நான் இப்போதெல்லாம் தூக்கத்தில் பேசுவதில்லை என்று வீட்டுக்காரர் சொல்கிறார். எப்போது பேசினேன் என்று கேட்டேன். போன வருஷம் முழுக்கப் பேசினாயே, "இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒரு கையெழுத்து" என்றே சொல்லிக்கொண்டிருப்பாய் என்றார். அவர் எதையும் கூட்டித்தான் சொல்வார்.

ஜூன் 17, திங்கள்

கிட்டுசாமி என்பவர் வந்து சேர்ந்தார். அறுபதைத் தாண்டியவர். கொப்பரைக் களம் வைத்திருக்கிறார். சிமெண்டுத் தளத்தில் தேங்காய்ப் பருப்பைப் பரப்பி வெயிலில் காய வைப்பது. சாப்பிடுகிற பொருள் என்பதால் களத்துக்குள் செருப்போடு போக மாட்டார்களாம். சித்திரை வெயிலில் கொதிக்கிற தளத்தில் வெறுங்காலோடு நின்று பருப்பைத் திருப்பியிருக்கிறார். சர்க்கரையில் பாதத்துக்கு உணர்ச்சி போய்விட்டதால் சுட்டது தெரியவில்லை. கொப்புளம் புண்ணாகி, இப்போது இடது காலில் இரண்டாவது விரல் நுனி கறுத்திருக்கிறது.

கட்டுப் போட்டுவிட்டு, சட்டப்படி ஸ்டூலில் உட்கார்ந்தேன். அத்தனை சூடு கொஞ்சம்கூடவா தெரியவில்லை என்று கேட்டேன்.

"காலு எங்கிட்ட ஒண்ணுமே சொல்லுல அம்மிணி" என்றார். வீட்டுப் பையன் விஷயத்தை மறைத்ததைப் போல வருத்தமாகச் சொன்னார்.

மனைவி இல்லை. ஒரே மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில். என்னைப் பற்றியும் கேட்டார். புதுசு, இந்த மாதம்தான் வந்தேன் என்று சொன்னேன். மற்றவர்களிடம் அதைக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். நாளைக்கு டீயில் இவரைப் பற்றி என்ன சொல்வது என்று யோசித்து, சாப்பாடு பிடித்திருக்கிறதாம் என்று மட்டும் சொல்வதாக முடிவு செய்திருக்கிறேன்.

ஜூன் 20, வியாழன்

கறுப்புக் கோட்டு, கையில் கட்டுக் காகிதம். ஒரு வக்கீல் டாக்டர் அறைக்குள் போனார், கதவைச் சாத்தினார்கள். வெகு நேரம் கழித்து வெளியே வந்தார். போன வியாழனும் வந்தார், அன்றைக்கு நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கால் ஆஸ்பத்திரிக்கு வாராவாரம் வக்கீல் எதற்கு?

ஜூன் 24, திங்கள்

இன்று டீயில் ஹில்டா சிஸ்டர் கிட்டுசாமியைப் பற்றிச் சொன்னார். இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறதாம், காய் எல்லாம் அங்கிருந்துதான் களத்துக்கு வருகிறதாம். கண்ணை மூடியிருந்த டாக்டர் கண்ணைத் திறந்தார்.

"தோப்பு யார் பேர்ல இருக்கு?"

ஹில்டாவுக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்லுங்கள் என்றார் டாக்டர். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டேன். இதற்கு மேல் என்ன வேண்டும்? ஏன் சம்பளம் குறைவு, ஏன் சிரிப்பு, ஏன் ஸ்டூல் என்பதெல்லாம் ஒரு வழியாகப் புரிந்துவிட்டது. தனியாக இருக்கிற வயசானவர்களின் சொத்தை நர்ஸுகளை விட்டு நோட்டம் பார்க்கிறார்கள். எழுதி வாங்குவதற்கு வக்கீல். நல்ல வேளை, நான் சீக்கிரம் கண்டுபிடித்தேன்.

ஜூன் 27, வியாழன்

வக்கீல் மறுபடி வந்தார். அவர் உள்ளே போனதும் நான் நேராகக் கிட்டுசாமி கட்டிலுக்குப் போனேன். திரையை இழுத்துவிட்டுக் குனிந்து சொன்னேன்.

"ஐயா, இங்க யாரு எந்தக் காகிதத்த நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுறாதீங்க. என்னைக் கேக்காம எதுலயும் போடாதீங்க."

எதற்கு என்று அவர் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துவிட்டு, "செரி அம்மிணி" என்றார். மனசு இத்தனை லேசாக இருந்து எவ்வளவு நாளாயிற்று.

ஜூன் 28, வெள்ளி

கோவையிலிருந்து போன். பழைய ஆஸ்பத்திரியின் நர்சிங் சூப்பரிண்டெண்டு. என் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம், முன்னைவிடக் கூட்டியே தருவார்களாம், நேரில் வந்து பேசச் சொன்னார். வீட்டுக்காரர் காதில் விழுந்துவிட்டது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவரே தோசை ஊற்றினார்.

இங்கே இருப்பதைவிட அது மேல். அங்கே என்ன நடக்கிறது என்றாவது எனக்குத் தெரியும். ஹில்டா சிஸ்டருக்குப் போன் பண்ணிக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 29, சனி

கோவை போய் வந்தேன். ஏசி அறையில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். அதே வேலைதான்: ஆபரேஷனுக்கு முன் நோயாளிகளிடம் பேசிச் சம்மதிக்க வைப்பது. "உன்னை மாதிரி பேச இங்க யாருக்கும் வராது" என்றார் சூப்பரிண்டெண்டு. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். திரும்பி வரும்போது பொள்ளாச்சியில் பஸ் வெகு நேரம் நின்றது. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

ஜூன் 30, ஞாயிறு

காய்ச்சல் என்று சொன்னவள் மறுநாளே தெம்பாகப் போய் நின்றால் நன்றாக இருக்காது. இரண்டு நாள் வீட்டில் இருப்பதுதான் சரி. இட்லிக்கு மாவு ஆட்டினேன். சாயங்காலம் ஹில்டா சிஸ்டர் கூப்பிட்டார். எடுக்கவில்லை. உண்மையிலேயே காய்ச்சல்தானா என்று வேவு பார்க்கிறார்.

ஜூலை 1, திங்கள்

ஹில்டா காலையில் கூப்பிட்டார். மத்தியானம் கூப்பிட்டார். மறுபடியும் கூப்பிட்டார். இந்த அளவுக்கு ஒரு ஆளை நோண்டுவார்களா? கோவை போனது எப்படியோ தெரிந்திருக்கிறது. போனை அரிசி டின்னுக்குள் வைத்து மூடிவிட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

எதை முதலில் எழுதுவது என்று தெரியவில்லை.

காலையில் உள்ளே போனதும் ஹில்டா சிஸ்டர் என் கையைப் பிடித்தார். காய்ச்சல் விட்டதா என்று கேட்டுவிட்டு, "ஒன்ன எத்தன தடவ கூப்பிட்டேன் சசி. அந்த மனுசன் ஒன்னத்தான கேட்டுட்டுக் கெடக்காரு" என்றார். யார் என்று கேட்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

கிட்டுசாமியின் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். வியாழக்கிழமை ஒரு விரலின் நுனியில் இருந்த கறுப்பு இப்போது மூன்று விரலுக்குப் பரவியிருந்தது. பாதத்தின் மேல்பக்கம் சிவந்து வீங்கியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. சனிக்கிழமை காலையிலேயே, அந்த ஒரு விரலை உடனே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவர் சம்மதத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். டாக்டர் மூன்று நாளும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேசியிருக்கிறார். திருப்பூரிலிருந்து மகள் வந்து அழுதிருக்கிறாள். "பாக்கலாமுங்க" என்பதைத் தவிர இவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. யாராவது ஏதாவது சொன்னார்களா என்று டாக்டர் கேட்டதற்கு, யாருமில்லை என்று சொல்லியிருக்கிறார். புதுசாக வந்த அம்மிணி எப்போது வரும் என்று மட்டும் வேளைக்கு ஒரு தடவை கேட்டிருக்கிறார். அதற்காகத்தான் ஹில்டா என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அரிசி டின்னுக்குள் அடித்த போன் அதுதான்.

என்னைப் பார்த்ததும் கிட்டுசாமி சிரித்தார். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

"வந்துட்டியா அம்மிணி. காயிதம் நீட்டுனாங்க. நீ சொன்னாப்பல நான் போடுல. இப்பக் கேக்கறேன், போடட்டுமா?"

நான் சொன்னதை ஏன் டாக்டரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா உன்ற வேலைக்கு ஆவாது. இந்த மாசந்தான் சேந்தேன்னு சொன்னியல்லோ."

கோவையில் எனக்குத் தனியாகச் சம்பளம் கொடுத்ததே இந்த இடத்துக்காகத்தான். தோளில் கை வைத்து, எங்க அப்பாவா இருந்தா இப்பவே போடச் சொல்லுவேன் என்று ஒரு வரி சொன்னால் போதும், பேனா எங்கே என்று தேடுவார்கள். அந்த வரி எனக்கு வாய் வரை வந்தது. இங்கே அது உண்மையும்கூட. ஆனால் அதே வரியைத்தான் பொள்ளாச்சி அம்மாவிடம் சொன்னேன். கர்ப்பப்பையை எடுத்த பிறகு வந்த பரிசோதனை முடிவில் அந்த அம்மாவுக்கு ஒரு வியாதியும் இல்லை. எழுதப்போவதில்லை என்று சொல்லியிருந்தேன்.

ஸ்டூலில் உட்கார்ந்து, இருப்பதைச் சொன்னேன்.

"ஐயா, நான் சொன்னது தப்பு. இவங்க உங்க தோப்ப எழுதி வாங்கப் பாக்கறாங்கன்னு நானா நெனச்சுக்கிட்டேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. சனிக்கிழமை போட்டிருந்தா ஒரு வெரலோட போயிருக்கும். இப்ப முன்பாதம் போகும். என்னாலதான்."

அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கத்துவார், மகளைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். கத்தினால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அது குத்தகத் தோப்பு அம்மிணி" என்றார் கடைசியில். "எனக்கேது தோப்பு?"

பிறகு தாளைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டச் சொன்னார், ஒரு வரி விடாமல். வாசித்தேன். பதினோரு வருஷத்தில் எத்தனையோ பேரிடம் அந்தத் தாளை நீட்டியிருக்கிறேன். முழுதாக வாசித்தது இன்றைக்குத்தான். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி அவர் அர்த்தம் கேட்டார். எனக்கும் ஒரு இடத்தில் அர்த்தம் தெரியவில்லை. டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டுச் சொன்னேன். அப்புறம் போட்டார்.

ஜூலை 3, புதன்

ஆபரேஷன் முடிந்தது. இடது பாதத்தில் முன்பாதி போயிற்று. குதிகால் இருக்கிறது. அதற்கென்று தைத்த செருப்புப் போட்டு நடக்கலாம் என்கிறார் டாக்டர். மகள் என்னைக் கும்பிட்டு, நீங்க வந்துதானுங்க எங்கப்பாவச் சம்மதிக்க வெச்சீங்க என்றாள். நான் ஓடிவந்து பாத்ரூமில் நின்று அழுதேன். கிட்டுசாமி இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

ஜூலை 4, வியாழன்

மகளை வராந்தாவுக்குக் கூப்பிட்டு முதலில் அவளிடம் சொன்னேன். இன்றும் என்னைப் பார்த்ததும் கும்பிட்ட கையை அவள் கீழே போட்டாள். அப்பாவிடம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அப்புறம் டீயில் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். கையெழுத்து, காய்ச்சல், கோவை, ஒன்றும் விடவில்லை. ஹில்டா சிஸ்டர் டம்ளரைக் கீழே வைத்தார். டாக்டர் கண்ணைத் திறந்தார்.

"எதப் பாத்து அப்படித் தோணுச்சு?"

வக்கீல் என்றேன். யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். வக்கீலுக்குக் குதிகாலில் புண்ணாம். வியாழக்கிழமை கோர்ட்டிலிருந்து அப்படியே வந்து கட்டுப் போட்டுக்கொண்டு போகிறார். கட்சிக்காரர்கள் யாராவது வார்டில் பார்த்துவிட்டால் மானம் போய்விடும் என்று டாக்டர் அறையில் வைத்துப் போடுகிறார்கள்.

தோப்பு யார் பேரில் என்று கேட்டீர்களே என்றேன்.

"சொந்தத் தோப்புன்னா காய் பறிக்கறதத் தள்ளி வைக்கலாம். குத்தகைன்னா தள்ள முடியாது, காய் விழுந்ததும் அவர் களத்துல நின்னாகணும். நான் இங்க என்ன கட்டுப் போட்டாலும் வெறுங்காலோட போய் நிப்பாரு. அதத் தெரிஞ்சுக்காம வைத்தியம் பண்ணி என்ன பிரயோஜனம் சிஸ்டர்?"

டாக்டர் எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டார்.

"எனக்கு உங்க மேல கோபம் இருக்கு. கொஞ்ச நாளைக்கு இருக்கும். அவரோட கட்டு இனிமே நீங்கதான் போடணும்."

வேலையை விட்டு நில் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று சாயங்காலம் வரை யோசித்தேன். ஹில்டா சிஸ்டர் இன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அது மட்டும்தான் எனக்குச் சுலபமாகப் புரிந்தது.

ஜூலை 5, வெள்ளி

கோவைக்குப் போன் பண்ணி, வரவில்லை என்று சொன்னேன். வீட்டுக்காரர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டார். பின்னாலேயே போய்ப் பொள்ளாச்சி அம்மாவைப் பற்றி அவரிடம் சொன்னேன். முழுதும் கேட்டார். திரும்பி வந்து சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, "அப்ப அந்தத் தூக்கத்துல..." என்று ஆரம்பித்து விட்டுவிட்டார்.

ஜூலை 9, செவ்வாய்

கிட்டுசாமி தன் காலைப் பார்ப்பதே இல்லை. நான் கட்டைப் பிரிக்கும்போது என் முகத்தைத்தான் பார்க்கிறார். நோயாளி முன்னால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பது எனக்குக் கைவந்த கலை. இடி விழுந்தாலும் தெரியாமல் வைப்பேன். அவரிடம் அப்படி வைக்க முடியவில்லை. இன்று ஒரு ஓரத்தில் சீழ் இருந்தது. "மொகத்தப் பாத்தாச்சு, சொல்லு" என்றார். சீழ் இருக்கு ஐயா, டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்றேன். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜூலை 15, திங்கள்

டாக்டர் இன்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எதற்கென்று தெரியவில்லை. ஹில்டா சிஸ்டரிடம் கேட்டேன். "சிரிச்சதுக்கெல்லாமா காரணம் கேப்பா ஒருத்தி?" என்றார். பேசிவிட்டார்.

ஜூலை 19, வெள்ளி

மகள் திருப்பூருக்குக் கிளம்பினாள். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்த தூக்குப் போசியை மட்டும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதற்கப்புறம் கட்டைப் பிரித்தேன். மேலே ஒட்டியிருந்த துணியை உப்புத் தண்ணீரில் நனைத்து மெதுவாக எடுத்தேன். சீழ் இல்லை, வாடை இல்லை. புண் முழுவதும் நல்ல சிவப்பில், பொடிப்பொடியாகப் புதுச் சதை வந்திருந்தது. இதைச் சொல்ல வேண்டும் என்று நிமிர்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் கிட்டுசாமி என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.